பத்து நிமிடம் தண்ணீர்

முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்கிறவன் நான். தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான், மூன்று மாத வேலையாக வெளியூர் போன என் மகள் தன் ஆர்க்கிட் செடியோடு விட்டுப்போன சீட்டைப் படித்ததோடு சரி. 'வாரம் ஒரு முறை, தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து, முழுக்க வடியவிடவும். மற்ற நாட்களில் தொட வேண்டாம்.'

கடைசி வரி எனக்கென்றே எழுதியது. போன வருடம் அவளுடைய புது வீட்டில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குளியலறைச் சுவரை உடைத்துக் குழாயை மாற்றிக்கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "இனிமே என்னைக் கேக்காம இங்க எதையும் தொடாதீங்கப்பா" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. செடியைக்கூட அவள் அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள்.

வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் என்பது எந்த ஊர் நியாயம்? மிச்சம் கிடந்த மெல்லிய குழாயையும் சின்ன வால்வையும் வைத்து, நிமிடத்துக்கு இரண்டு சொட்டு விழும்படி அமைத்தேன். கச்சிதமான வேலை. நானே இரண்டு தடவை நின்று பார்த்தேன்.

மூன்றாவது வாரம் இலைகள் சுருங்கித் துவண்டன. தாகம் போலிருக்கிறது என்று வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தேன். அது இன்னும் சுருங்கியது.

"தண்ணியிலயே நிக்குது, எப்படிங்க வாடும்? அவளையே கேளுங்க," என்றாள் என் மனைவி.

"எனக்குத் தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது.

செடியை வெளியே எடுத்தேன். வேர்கள் பழுப்பேறி அழுகி, தொட்டால் தோல் கையோடு வந்தது. உறிஞ்ச வேரே இல்லாத செடிக்கு மேலே எவ்வளவு ஊற்றி என்ன? எனக்குப் பயம் வந்துவிட்டது. இது செத்தால் அவள் வீட்டு வாசலை நான் இனி மிதிக்கவே முடியாது.

போன் செய்தேன்.

"அப்பாவா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கா. உன் செடியை நான் கெடுத்துட்டேன். என்ன செய்யணும், சொல்லு."

வேர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"கொழகொழன்னு இருக்கிற வேரை எல்லாம் வெட்டிடுங்க. பிளேடை முதல்ல கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. புது மரப்பட்டைத் துண்டுல நட்டு, நேர் வெயில் படாம வைங்க. நாலு நாள் தண்ணி வேண்டாம். அப்புறம் சீட்டுல இருக்கிறபடி."

"நாலு நாள் தண்ணியே இல்லாமலா?"

"அப்பா."

"சரி."

வெட்டியது போக மிஞ்சியவை இரண்டே வேர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். மற்ற நாட்களில் ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் திருகினேன், அதை மட்டும் தொடவில்லை. கை அரித்தது. ஏழாவது வாரம், தண்டின் அடியில் அரிசி அளவுக்குப் பச்சையாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

மகள் வந்தாள். பழைய இலைகளில் சுருக்கம் முழுதும் போகவில்லை. அவள் தொட்டியைத் தூக்கி, அந்தப் புது வேரை வெகுநேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம், அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா அம்மாவைக் கேளு," என்றேன்.

"கேட்டேன். வாராவாரம் கேட்டேன்."

செடியோடு வாசல்வரை போனவள் நின்றாள். "எங்க சமையலறைக் குழாய் சொட்டுதுப்பா. ஊருக்குப் போறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியிருந்தே. வாளி வெச்சு ஓட்டிட்டேன். வந்து பாக்கறீங்களா?"

பிளம்பர் மகள் வீட்டில், ஐந்து மாதமாக வாளி! நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு வரட்டும், சொல்லும்மா" என்றேன்.