நான்காம் கூண்டு வண்டி

விபத்துப் படிவத்தில் மொத்தம் பதினாறு கட்டங்கள். பதினைந்தை மேனேஜரே நிரப்பி வைத்திருந்தார். தேதி, நேரம், இடம், அடிபட்டவர் பெயர், எந்தக் கால், வண்டியில் எத்தனை பால் பெட்டிகள் இருந்தன என்பதெல்லாம் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலி. ‘விபத்துக்கான காரணம்: பாதுகாப்புப் பொறுப்பாளர் எழுத வேண்டியது.’

பாதுகாப்புப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, பால் பிரிவு அக்காதான். பொறுப்பு கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டியைத் தொட்டவர்களிடமெல்லாம் “பிரேக் போட்டியா?” என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெரிய மளிகைக் கடையில் ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வாங்கியிருந்தாள். பெயர் வைத்தவன் கத்தி. இறைச்சிப் பிரிவில் வெட்டுகிறவன் என்பதால் அவனைக் கடை முழுக்க அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன்தான் இப்போது கணுக்கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.

“கத்தியே சொல்லிட்டான்க்கா,” என்றார் மேனேஜர். “அவசரத்துல முன்னாடி நின்னு இழுத்தேன், தப்பு என்னோடதுதான்னு. போன்ல நானே கேட்டேன். ‘ஊழியரின் கவனக்குறைவு’ன்னு ரெண்டே வார்த்தை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகணும்.”

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள்.

“அவன் மேல ஏற்கெனவே ரெண்டு எழுதியிருக்கே சார். கையுறை போடலைன்னு ஒண்ணு, தரை ஈரத்தைத் துடைக்கலைன்னு ஒண்ணு. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே.”

“அது அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே சொல்றான்.”

தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். அதனால்தான் அந்த இரண்டு வார்த்தையை அவளால் எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். கடையில் கூண்டு வண்டிகள் ஏழு, எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஆள் உயரத்துக்கு மூன்று பக்கம் கம்பிவலை, அடியில் நான்கு சக்கரம். லாரியில் வரும் பால் பெட்டிகளை இவற்றில் அடுக்கி, சரிவுப் பாதை வழியாகக் குளிர் அறைக்கு இறக்குவார்கள். அதில் நான்காம் வண்டிக்கு பிரேக் பிடிக்காது. பழுது பார்க்க எழுதிப் போட்டு மூன்று வாரம் ஆகியும் ஆள் வந்த பாடில்லை. ஒதுக்கி வைத்தால் மீதி ஆறும் போதாது. அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கிழிந்த சிவப்புப் பையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, வண்டியின் கைப்பிடியில் கட்டினார்கள். சிவப்பு தெரிந்தால் சமதரையில் மட்டும் ஓட்டலாம், சரிவில் இறக்கவே கூடாது. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம். ஆனாலும் ஒருவரும் மீறியதில்லை.

நேற்றுக் காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். ‘கண்ணை உறுத்துற மாதிரி எங்கயும் எதுவும் தொங்கக் கூடாது’ என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். அக்கா பெட்டி கிழிக்கும் பிளேடால் பட்டையை அறுத்து, ஏப்ரன் பையில் செருகிக்கொண்டு, வண்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். அவர்கள் போனதும் திரும்பக் கட்டிவிடலாம் என்பதுதான் எண்ணம். பதினொன்றரைக்குப் போனார்கள். போகிறபோது ஒருவர், “பால் பிரிவு பளிச்சுன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டீ குடித்தாள். மகளுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டாள். பட்டை பையிலேயே கிடந்தது.

இரண்டு மணிக்குப் பால் லாரி வந்தது. தன் வேலை முடிந்துவிட்டதால் கத்தி கைகொடுக்க வந்தான். சுவரோரம் நின்ற வண்டியின் கைப்பிடியைப் பார்த்தான், சிவப்பு இல்லை. பெட்டிகளை அடுக்கி, இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். பாதி வழியில் வண்டி அவனைத் துரத்த ஆரம்பித்தது. குளிர் அறை வாசல் நிலைக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் அக்காதான். வலியில் முகம் வெளுத்துக் கிடந்தவனின் பார்வை, அவள் ஏப்ரன் பையில் எட்டிப்பார்த்த சிவப்பு நுனியில் ஒரு கணம் நின்றது.

“அத உள்ள தள்ளுக்கா,” என்றான். “ஆளுங்க வராங்க.”

அவளும் உள்ளே தள்ளினாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

“சிவப்புப் பட்டையை அறுத்தது நான்தான் சார்,” என்றாள் மேனேஜரிடம்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அக்கா, நான் எதுவும் கேக்கல. நீங்க எதுவும் சொல்லல. பொறுப்புல இருக்குறவங்களே அறுத்தாங்கன்னு போச்சுன்னா உங்க ஒன்பது வருஷமும் அவ்வளவுதான்.”

“முட்டி வலியோட இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்னு நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன் சார். அதுக்காக அவன் உடைஞ்ச கால் மேல ஏறி நிக்க முடியாது.”

எழுதத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் பழகிய கை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டே எழுதினாள். கட்டம் போதாமல் தாளின் பின்பக்கமும் போனாள். பிரேக் பழுதைத் தெரிவித்த தேதி, பட்டை கட்டும் வழக்கம், அதை அறுத்த நேரம், திரும்பக் கட்ட மறந்தது, எல்லாம் வந்தது. கடைசி வரி: ‘பழுதான வண்டி ஓட்டத்தில் இருந்தது மேனேஜர் உட்பட அனைவரும் அறிந்ததே.’

மேனேஜர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். “இந்த ‘உட்பட’ அவசியமாக்கா?”

“ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?”

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு எழுத்தைக்கூட அடிக்காமல் அனுப்பிவைத்தார்.

ஐந்தரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரிப் படியேறும்போது அவரிடமிருந்து போன் வந்தது. கத்தி மேல் எதுவும் எழுத மாட்டார்களாம். விசாரணை முடிகிறவரை அக்கா வேலைக்கு வர வேண்டாமாம். “எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வருது,” என்று ஒரு பெருமூச்சோடு வைத்துவிட்டார்.

வார்டில் கத்தியின் மனைவி சட்டென்று எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “வாங்கக்கா. நீங்கதான் முதல்ல ஓடி வந்தீங்களாம், சொன்னாரு.”

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, அவளைப் பார்த்து, பட்டை கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். போனில் வந்த செய்தியையும் சொன்னாள்.

கத்தி தலையணையில் தலையை முட்டிக்கொண்டான். “நேத்துலேருந்து மூஞ்சிய அப்பாவி மாதிரி வச்சுக்கிட்டு எத்தனை பேருகிட்ட புளுகியிருப்பேன்! மொத்தத்தையும் கவுத்துட்டியேக்கா. எனக்கு வெட்டத் தெரியும், எங்கயாவது பொழச்சுக்குவேன். உனக்கு வாயத் தவிர என்ன இருக்கு?”

“அந்த வாயாலதான் போய்ச் சொன்னேன். சும்மா கிட.”

அவன் சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து, “ஐயோ” என்றான். மனைவி சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினாள்.

“நில்லுங்க,” என்றாள் மனைவி. குரலில் காரம் இருந்தது. “நாளைலேருந்து நான் வேலைக்குப் போயாகணும். இவர் பக்கத்துல ஆள் இல்ல. உங்களுக்குத்தான் வேலை இல்லையே. வந்து உக்காருங்க.”

“பத்து மணிக்கு வந்துடவாம்மா?”

“எட்டு,” என்றாள் அவள்.