‘மாய்மாலம்’ என்ற சொல்லை அவன் பயன்படுத்திய விதம்

1

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதத்தான் உட்கார்ந்தேன். கதை வந்து தொலைத்தது. மாய்மாலம். அகராதிக்காரர்கள் ‘பாசாங்கு’ என்று முடித்துக்கொள்கிறார்கள். வீடுகளில் அது அளவுக்கு மீறி அழுகிறவர் முகத்தில் வீசப்படும் சொல். அப்படி வீசிய ஒருவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. (பொய். பாவமாக இருந்தது.)

2

அவன் டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவாளன். அவன் அக்கா அங்கேயே குரல் கொடுப்பவள். கதாநாயகி அழ வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா இறந்த அன்று வாசலில் வந்து இறங்கிய அக்கா, இடி விழுந்த மரம்போல—

(வேண்டாம். நானே மாய்மாலம் பண்ணக் கூடாது.)

அக்கா அழுதாள். அழுமுன் மூச்சை இழுத்து, முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினாள். மைக்கில் காற்று அடிக்காமலிருக்க அவள் வழக்கமாகச் செய்வது. அது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

“மாய்மாலம் பண்ணாதக்கா. இது தியேட்டர் இல்ல.”

சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நடிப்புதான் என்று அவனுக்கு உறுதியாயிற்று.*

* அன்று அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சரியான பயன்பாடு இதுதானோ என்னவோ: அழ முடியாதவன் அழுகிறவளைப் பார்த்துச் சொல்வது.

3

சில வாரம் கழித்து ஒரு பதிவு. திரையில் ஒரு மகள் தாயின்மேல் விழுந்து அழுகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. அவன் ஹெட்போனில் மூச்சு மட்டும் கேட்டது.

“என்னம்மா ஆச்சு? கண்ண மூடிக்கிட்டு செய்வீங்களே!” என்றார் இயக்குநர்.

“வரல சார். முகத்தத் திருப்பினா தம்பி சொன்னதுதான் கேக்குது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

அந்த அழுகையில்தான் அக்கா வீட்டில் உலை கொதிக்கிறது. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால்... மீதி உங்களுக்குத் தெரியும்.

4

உள்ளே இருப்பவரிடம் பேச அவன் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன மன்னிச்சிடுக்கா!” என்று கதறினான். (இந்த வரியை எழுதி அடித்துவிட்டேன்.) “அன்னிக்கு எனக்கு அழுகையே வரலக்கா, அந்த வயித்தெரிச்சல்தான்.” (உண்மை. என் கைபட்டதும் வசனமாகிவிட்டது.) வெறுமனே “அக்கா” என்று எழுதிப் பார்த்தேன். அதிலும் ஒரு நடுக்கத்தைச் சேர்த்திருந்தேன்.

மாய்மாலம் இல்லாமல் இதை எழுத எனக்கு வராது. அவன் விரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருக்கிறது. அக்கா ஹெட்போனை இரு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருக்கிறாள். உங்கள் மூச்சுகூட அவளுக்குக் கேட்கும். அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்.