எந்த ஒயர் விட்டுப்போச்சு

1.

‘இயந்திரம்’ என்ற தலைப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கதை கேட்டார், அதனால் எழுதுகிறேன் என்று முதல் வரியில் போட்டிருந்தேன். பொய். என்னிடம் யாரும் கதை கேட்டு வருஷமாகிறது. நாலு நாளாகப் பக்கத்து அறையில் என் மனைவி ஒவ்வொரு ஒயராக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு இருப்புக்கொள்ளவில்லை. கதை பிறந்த கதை அவ்வளவுதான்.

[அவ்வளவுதான் இல்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் நான்— இருக்கட்டும், பிறகு.]

2.

தொடக்கம் ஒன்று: “மோட்டார் முனகியது.” அடித்துவிட்டேன். கண்டதையெல்லாம் முனக வைப்பதே எனக்குப் பிழைப்பாகப் போய்விட்டது.

தொடக்கம் இரண்டு: “அவள் அந்த மெஷினை உயிராக நேசித்தாள்.” இதைப் படித்தால் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘யாரு சொன்னா?’ என்று எழுதுவாள். நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவள் அவள்தான்.

தொடக்கம் மூன்று, உள்ளது உள்ளபடி: பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அவள் ஆசிரியை. பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை, விரலால் தடவினால் புரிகிற மாதிரி, மரப்பலகையில் செதுக்க நினைத்தாள். வகுப்பறை எங்கே, படிக்கட்டு எங்கே, கழிப்பறை எங்கே. போன வருஷம் புதிதாய் வந்த ஒரு பெண் குழந்தை, வழி கேட்கக் கூச்சப்பட்டு, முதல் நாள் பூராவும் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்ததாம். அதைச் சொன்ன அன்று இவள் சாப்பிடவில்லை. வருகிற திங்கட்கிழமை பதினோரு பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். அதற்குள் பலகையை மாட்டியாக வேண்டும்.

செதுக்குவதற்கு ஒரு சின்ன சி.என்.சி. மெஷினை அவளும் அவள் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே கட்டினார்கள். கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் மோட்டார்கள் கட்டரை நகர்த்தும், கட்டர் மரத்தைச் செதுக்கும்.

3.

ஸ்டெப்பர் மோட்டாரை எண்ணி எண்ணி அடி வைக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நூறு அடி வை’ என்று உத்தரவு வரும். அதைக் கரண்டாக மாற்றி மோட்டாருக்கு ஊட்டுகிற சின்ன அட்டைக்கு டிரைவர் என்று பேர்.* மோட்டார் தொண்ணூறு அடியோடு நின்றாலும், அதை யாரும் திரும்பிக் கேட்பதில்லை. நூறு ஆயிற்று என்று நம்பிக்கொண்டு அடுத்த வேலை நடக்கும்.

(* வண்டி ஓட்டுகிறவர் இல்லை. இந்தக் கடி ஜோக்கை என் மச்சினன் நூறு தடவை சொல்லியிருப்பான். இப்போது அவன் வீட்டுக்கு வருவதில்லை.)

அந்தச் செவ்வாய்க்கிழமை செதுக்கிய மாதிரிப் பலகையை மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோனாள். கணக்கு டீச்சருக்கும் பார்வை கிடையாது. மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு டீச்சர். ஆனா இந்த வழியா போனா பாத்ரூம் வராது, செவுருதான் வரும்” என்றாராம்.

வந்ததும் ஆரம்பித்தாள். ஸ்க்ரூக்களை முறுக்கினாள். கரண்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். கடைசியில் இரண்டு மோட்டார்களின் பிளக்கை இடம் மாற்றிச் செருகியதும், கோளாறு அடுத்த மோட்டாருக்குத் தாவியது. ஆக மோட்டார் நல்ல பிள்ளை, பழுது டிரைவரில். புது டிரைவர் வாங்கிப் போட்டாள்.

“அதான் புதுசு போட்டாச்சே, செதுக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“பழசு ஏன் போச்சுன்னு தெரியாம எப்படிங்க? ஓடிட்டு இருக்கும்போது மோட்டார் ஒயர் விட்டுப்போனா டிரைவர் அடிவாங்கிரும். எங்கயோ லூஸ் இருக்கு. பாதியில மறுபடி விட்டுச்சுன்னா பலகை வீணாப்போயிரும். மாதிரிக்குப் போனது போக இருக்கறது ஒரே பலகை.”

துப்பு துலக்கியது அத்தனையும் சரி. ஒரு இடத்தைத் தவிர.

4.

ஒயர் வேலை முழுக்க மச்சினன் செய்தது. பிழைப்புக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

முதல் பிரதியில் அவனைச் சோம்பேறியாக எழுதியிருந்தேன். வேலைக்கு நடுவில் போனைப் பார்க்கிறவன், வாய்ச்சவடால்காரன். பழி அவன்மேல் பாந்தமாக உட்கார்ந்தது. பேனா கையில் இருந்தால் யாரையும் திருடனாக்கலாம். கிழித்துப் போட்டேன். ரிப்பேர் பார்த்த வீட்டு ஸ்க்ரூ ஒன்று பையில் இருந்தால், மறுநாள் அதைக் கொடுக்கவே திரும்பிப் போகிறவன் அவன்.

“ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்துதான்க்கா போட்டேன்.”

“அப்புறம் எப்படிடா போச்சு? பேய் வந்து புடுங்குச்சா? அரைகுறை வேலை.”

அவன் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அவன் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனான். செருப்பைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

5.

பேய் வரவில்லை. நான்தான் போனேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் பக்கத்து வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வாக்கியம் முடிய மாட்டேன் என்றது, அந்த ஙொய் சத்தம் மண்டைக்குள் புகுந்துவிட்டது. எழுந்து போய், கைக்கு எட்டிய ஒரு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. உடனே பயம் வந்து திரும்பச் செருகினேன். கொஞ்சம் தடுமாறி, மறுபடி ஓடியது. ஓடுகிறதே என்று வந்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தைப் பிறகு எடுத்துவிட்டேன். நன்றாக இல்லை.

6.

முடிவு ஒன்று: ஏதாவது ஒரு ஒயரை நானே தளர்த்தி வைத்துவிடுவது. அவள் கண்டுபிடிப்பாள், நிம்மதியாகச் செதுக்குவாள். மச்சினன்மேல் விழுந்த பழி காலத்துக்கும் நிற்கும். நேற்று நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைத்துவிட்டேன். ஆனால் எடுத்தேன்.

முடிவு இரண்டு: மச்சினனுக்குப் போன் செய்தேன்.

“சொல்லுங்க மாமா.”

“சும்மாதான்டா.”

“அக்கா சாப்பிடறாளா?”

“ம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். த்தூ.

முடிவு மூன்று: நேரில் சொல்லிவிடுவதென்று இன்று காலை கதவைத் திறந்தேன். “ஏங்க, இந்த முனையக் கொஞ்சம் புடிங்க” என்றாள். பிடித்தேன். இழுத்தாள். வரவில்லை. “இதுவும் நல்லாத்தாங்க இருக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது. எதிரே நின்றுகொண்டு நான்

7.

இதுவரை ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரோ வாசகரிடம் பேசுவதுபோல் பேசியது தைரியத்துக்காக. என் முதல் வாசகர் யார் என்று இரண்டாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. இந்தத் தாள்களை மெஷின்மேல், நீ பலகை வைக்கிற இடத்தில், பென்சிலோடு வைக்கிறேன். ஒயர் எதுவும் விட்டுப்போகவில்லை. உன் தம்பி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். முதலில் அவனைக் கூப்பிடு. பிறகு பலகையை மாட்டி ஓட விடு, திங்கட்கிழமைக்கு நேரம் இருக்கிறது. என்னைத் திட்டுவது கடைசியில் இருக்கட்டும்.

முடிவு எழுத அடியில் இடம் விட்டிருக்கிறேன். நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மோட்டார் சத்தம் கேட்டால் படித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நீ கூப்பிடும்வரை உள்ளே வர மாட்டேன்.