மழைக்கு முந்தித் தோண்டிய குழி

விக்டோரியாவின் மகள் பிறந்தபோது தொள்ளாயிரத்து நாற்பது கிராம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர்களை எடை போட்டுப் பெட்டியில் அடைப்பதுதான் விக்டோரியாவின் வேலை. கிராம் என்றால் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு மாதம் முடியுமுன் வந்துவிட்ட பிள்ளை, ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. பத்தாம் நாள் காலையில் ரத்தத்தில் கிருமி ஏறி, ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியது.

கிருமிக்கு மருந்தை மாற்றினார்கள். அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்க ஒரு சொட்டு மருந்து, போதாமல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. பிள்ளையின் பாதம் சில்லென்றே கிடந்தது. நர்ஸ் கிறிஸ்டினா மூன்று மணிக்கொரு தரம் நாப்கினைத் தராசில் வைத்தாள். மூத்திரம் போயிருந்தால் எடை கூடும்; அழுத்தம் தேறுகிறது என்று அர்த்தம். கூடவில்லை.

வெளியே புருஷன் ஜெரால்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். புதுவாயலிலிருந்து அவன் அப்பா பாக்கியராஜ் போன் பண்ணியிருந்தார். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தாழ்ந்த நிலம். ஒரு மழை பெய்தால் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் ஊற்றெடுக்கும். ஐப்பசியில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால் மழைக்கு முந்திக் குழி தோண்டிவைப்பது அங்கே வழக்கம். கெட்ட எண்ணமில்லை, தண்ணீரில் இறக்கக் கூடாதே என்கிற பாசம்தான். சின்னதாக ஒரு குழி தோண்டியாயிற்றாம். கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாராம்.

மறுநாள் காலையில் டாக்டர் ஷஹனாஸ் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ஆபத்து நேரத்தில் உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் ஒன்று, இப்படிச் சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரக்காமல் போகலாம். அது இல்லாவிட்டால் மற்ற மருந்தும் பிடிக்காது. அதை ஊசியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பலிக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, தொற்று கூடவும் செய்யலாம் என்பதையும் ஒளிக்கவில்லை.

"குத்தனது போதும் விக்டி," என்றான் ஜெரால்ட். "நிம்மதியா போவட்டும்."

"போறேன்னு உன்னாண்ட சொல்லிச்சா? எங்க லைன்ல ஒரு வாஷர தள்ளணும்னாகூட ரெண்டு தபா எட போட்டுத்தான் தள்ளுவோம்."

கையெழுத்து ஊசிக்கான காகிதத்தில் விழுந்தது. பிறகு விக்டோரியா ஜெரால்டின் போனைப் பிடுங்கி மாமனாரைக் கூப்பிட்டாள்.

"மாமா, அந்தக் குழிய மூடிடுங்க. அதுல படுக்க எங்கூட்ல ஆளில்ல."

திருப்பித் தோண்ட வேண்டி வந்தால் என்ன பண்ணுவது என்று பாக்கியராஜ் மெதுவாகக் கேட்டார்.

"வந்தா தண்ணியில தோண்டுங்க."

பதினோரு மணிக்கு ஊசி ஏறியது. பன்னிரண்டு மணி நாப்கின் காய்ந்தே இருந்தது. ஜெரால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விக்டோரியா பெட்டிக்குள் கைவிட்டு அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்தபடி நின்றாள். ஷிப்டு முடியாமல் அவள் நகர்ந்தவள் இல்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நாப்கினைத் தானே எடை போடுவதாகக் கேட்டு வாங்கினாள். ஆறு கிராம் கூடியிருந்தது. எடுத்து, தராசைத் துடைத்து, மறுபடி வைத்தாள். அதே ஆறு.

டாக்டர் பார்த்துவிட்டு, சொட்டு மருந்தில் ஒன்றை ஒரு நூல் குறைத்தார். தாண்ட வேண்டியது இன்னும் நிறைய என்று எச்சரிக்கவும் செய்தார். தாண்டலாம் என்றாள் விக்டோரியா.

போன் அடித்தது. மழை இரைச்சலுக்கு நடுவே பாக்கியராஜ் மூச்சு வாங்கினார்.

"மூடிட்டேம்மா. நானேதான் மூடுனேன். புள்ள எப்டிகீது?"

"ஆறு கிராம், மாமா," என்றாள் அவள். "ரெண்டு தபா போட்டுப் பாத்துட்டேன்."