ஒரு மில்லி பால்

அவளுக்கு நான் வைத்த பெயர் பால்பண்ணை. வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை, மனசுக்குள் நூறு தடவை கூப்பிட்டிருப்பேன். குறைமாதக் குழந்தைகள் வார்டில் என் மகளுக்கு அடுத்த கண்ணாடிப் பெட்டியில் அவள் மகன். பால் எடுக்கும் அறையிலும் எனக்கு எதிர் நாற்காலி அவளுக்குத்தான், என் கிரகம். பத்தே நிமிடத்தில் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போட்டு, பெயர் ஒட்டி எழுந்துவிடுவாள். நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினாலும் பாட்டிலின் அடி நனைந்தால் அதிகம். "கவலப்படாதீங்கக்கா, வந்துரும்" என்பாள் போகிறபோக்கில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கென்னடி, சொல்லமாட்டாயா பின்னே?

அந்த நாலு சொட்டை அவள் பாட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸிடம் நீட்ட எனக்கு மானம் போனது. கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, "இன்னைக்கும் வரல சிஸ்டர்" என்றேன். நாலு நாள் இப்படியே. மகளுக்குத்தான் நரம்பு வழியாக வெள்ளையாக ஏதோ ஏறுகிறதே, அது போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"நரம்புல ஏத்துறது கொழுப்பும்மா. இத்துனூண்டு உடம்பால அதைச் செலவழிக்க முடியல, ரத்தத்துலயே தங்குது. இன்னைக்கே குறைக்கணும். ஆனா அதைக் குறைச்சா எடை ஏறாது. வயித்துக்குள்ள பால் போயே ஆகணும்."

"எனக்குத்தான் வரலையே டாக்டர்."

"ஒரு மில்லி கூடவா வரல? இப்போதைக்கு அவளுக்கு ஒரு வேளைக்கு அவ்வளவுதான்மா."

ஒரு மில்லி! நான் தொட்டியில் ஊற்றியது அதைவிட அதிகம். அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டு பால் எடுக்கும் அறைக்கு ஓடினேன். இரண்டு மில்லி தேறியது. நர்ஸ் அதில் பாதியை ஊசிக்குழாயில் உறிஞ்சி, மகளின் வாய்வழியே வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் மாட்டிப் பிடித்தாள். மஞ்சளாக, மெதுவாக இறங்கியது. என் பால். கண்கொட்டாமல் பார்த்தேன்.

பின்னால் பால்பண்ணை நின்றிருந்தாள்.

"எவ்வளவுக்கா போச்சு?"

"ஒரு மில்லி."

"ஒரு மில்லியா..." காலியான ஊசிக்குழாயையே பார்த்தாள். "என் பையனுக்கு வயிறு வீங்கியிருக்குன்னு இன்னும் ஒரு சொட்டுகூடக் குடுக்கல. எல்லா பாட்டிலும் ஃப்ரீஸர்லதான் கெடக்கு. உங்களப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குக்கா."

பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்கு இனித்தது. உடனே, மகள்மேல் அவள் கண் பட்டுவிடுமோ என்று பெட்டியை மறைத்துக்கொண்டும் நின்றேன்.

"அடுத்த வேளை குடுக்கும்போது நானும் நின்னு பாக்கட்டுமா?" என்றாள்.

'வேண்டாம்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மூணு மணிக்கு வா" என்றேன்.