பட்டாபிராமன் திருப்பி அனுப்பிய சிநேகிதர்கள்

1

இந்தக் கதையை எழுத எனக்கு எந்த உந்துதலும் வரவில்லை. உத்தரவுதான் வந்தது. பூனாவில், கோந்த்வா பேட்டையில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் ஒரு சாயங்காலம் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே நானும் மேல்வீட்டுப் பட்டாபிராமனும்.

"நீங்க கதை எழுதுவேளாமே, சார்? அம்மா சொன்னா."

"எழுதுவேன்."

"எனக்கு ஒரு ஃப்ரெண்ட் எழுதிக் குடுங்கோ. என் பர்த்டேக்கு வரணும். அடுத்த மாசம், ஒரு சன்டே. நாலு மணிக்கு."

தப்பித்து ஓட இடமில்லாததால் சரி என்றேன்.

(முதல் வரைவில் அவரை 'அவன்' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "எனக்கு முப்பத்தாறு வயசு. மீசை இருக்கு" என்றார். திருத்திவிட்டேன்.)

டாக்டர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நீளமானது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது அதன் சுருக்கம். பேச்சு நிதானமாக வரும். கணக்கு வராது. பொய் நன்றாகவே வரும். வீட்டுக்கு ஆட்கள் வராமலும் இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு ப்ரீத்தி வருகிறார், பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போக டிரைவர் வருகிறார், தேஹு ரோடிலிருந்து சித்தப்பா வருகிறார்.

"அவா சம்பளத்துக்கு வரா. சித்தப்பா சொந்தம்னு வரார். ரெண்டும் இல்லாம ஒருத்தர் வரணும்."

கரு இவ்வளவுதான். கொஞ்ச நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்த என் அசட்டுத்தனத்தை என்னவென்று சொல்வது!

2

முதல் தொடக்கம்: 'பூனாவின் மெல்லிய தூறலில், அன்பே உருவான தீப்தி அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டு, கண்களில் நீர் தளும்ப—'

"இவ ஏன் எங்கிட்ட இவ்வளவு மெதுவாப் பேசறா? எனக்குக் காது கேக்கும்" என்றார் பட்டாபிராமன்.

தீப்தி போனாள். அவளுக்காக ஒரு மஞ்சள் சுடிதாரும் இறந்துபோன ஒரு தம்பியும் ஏற்பாடு செய்திருந்தேன். இரண்டும் இன்னும் என்னிடம் மிச்சமிருக்கின்றன.

இரண்டாவது தொடக்கத்தில் அனிருத் என்ற கம்ப்யூட்டர் எஞ்சினியர். தலைக்கனம் பிடித்தவன். பட்டாபிராமனோடு பழகி, வாழ்க்கையின் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு—

"அவனுக்கு நான் டியூஷன் எடுக்கணுமா? லீவு நாள்லயா?"

மூன்றாவதாக வந்தது ஒரு நாய்.

"நாய் கேட்டேனா, சார்?"

அவருடைய அம்மா அபயாம்பாள் மாமி எனக்குக் காபி கொடுத்து ஆறுதல் சொன்னார். "அவனுக்கு எதுவும் லேசுல பிடிக்காது. நீங்க எழுதிண்டே இருங்கோ." பட்டாபிராமன் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் மையத்துல எல்லாரும் வரேன்னுதான் சொன்னா. ஒருத்தரும் வரலை. கிண்டின கேசரியை வாட்ச்மேனுக்குக் குடுத்தேன். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா அவன் கேக்கறதையே விட்டுடுவான். அதான் எனக்கு பயம், சார்."

டம்ளரை வைத்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தேன்.

3

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போனது.

எங்கள் பேட்டைப் பூங்காவில் தினமும் காலையில் சிரிப்பு கிளப் கூடும். பூனாவில் இதெல்லாம் சகஜம். பெரியவர்கள் வட்டமாக நின்று, காரணமே இல்லாமல், உடம்புக்கு நல்லது என்று சிரிப்பார்கள். ஆட்பழக்கம் உண்டாகட்டும் என்று மாமி பட்டாபிராமனைச் சேர்த்துவிட்டார். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

தலைவி சோனியா மேடம், ஓய்வுபெற்ற டிரில் டீச்சர், விசிலடித்தார். எல்லோரும் ஹோஹோவென்று சிரித்தார்கள். பட்டாபிராமன் கையைத் தூக்கி, "ஜோக் க்யா ஹை?" என்றார்.

"ஜோக் நஹி, பேட்டா. ஐஸே ஹி ஹஸ்னா." சும்மாவே சிரிக்க வேண்டுமாம்.

"ஜோக் சொன்னா சிரிக்கறேன்" என்று தமிழில் முடித்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் நாவல் மரத்தடியில் தனியாக நிற்க வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். முகமது இஸ்மாயில், ஆம்பூர்க்காரர், கேம்ப் பகுதியில் தோல்பை கடை வைத்திருந்தவர். புதுப் பல்செட். முந்தின வாரம் நாக்கை நீட்டிச் சிங்கச் சிரிப்பு சிரித்தபோது அது புல்லில் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

அடுத்தது மொபைல் சிரிப்பு. வெறுங்கையைக் காதில் வைத்துக்கொண்டு, போனில் ஏதோ கேட்டதுபோல் சிரிக்க வேண்டும். மரத்தடியிலும் இரண்டு கைகள் காதுக்குப் போயின.

"யார் லைன்ல?" என்று பட்டாபிராமன் கேட்டார்.

"எங்க சம்பந்தி. அதான் சிரிப்பு வரல தம்பி."

"வெச்சுடுங்கோ."

"வெச்சா கோவிச்சுக்குவாரு. உங்களுக்கு யாரு?"

"ராங் நம்பர். விடமாட்டேங்கறான்."

பாய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்துப் பட்டாபிராமன் சிரித்த சிரிப்பில் சோனியா மேடம் விசிலடிக்க மறந்துவிட்டார்.

4

இஸ்மாயில் பாயை நான் எழுதவில்லை. அதனாலேயே அவரை என்னால் நம்ப முடியவில்லை. பல்செட்டை வைத்து நான் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்திருந்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சிவப்பு மசியால் அடித்திருப்பார். எனக்குப் பொறாமை என்றும் சொல்லலாம். நான் தலையைப் பிய்த்துக்கொண்டு அனுப்பியவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, பட்டாபிராமன் மரத்தடியில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டாரே.

பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாயிற்று. பாயும், "கண்டிப்பா வர்றேன் தம்பி" என்றாராம். வருகிறேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். நானே நிறைய வீடுகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, கதைக்கான முடிவுகளோடு மாடியேறினேன்.

(அ) பாய் பிரியாணி டப்பாவோடு வருகிறார். எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"நாங்க பிரியாணி சாப்பிட மாட்டோமே. ஆசிரியர் யாரு? அவரை நான் கூப்பிடலையே."

(ஆ) பாய் வரவில்லை. வெளியே மழை. காலி நாற்காலி.

பட்டாபிராமனின் முகத்தைப் பார்த்ததும் அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டேன்.

"சரி, ஒரே ஒரு வரி. நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இதை மட்டும் எழுதட்டுமா?"

அவர் உள்ளங்கையால் என் தாளை மூடினார்.

"வேண்டாம் சார். நீங்க எழுதினா அது நீங்க அனுப்பின ஆளாயிடும். அவராவே வரணும்."

நாலு மணி ஆகப்போகிறது. தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, அவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சமையலறையில் மாமி கரண்டிச் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொள்கிறார். பழக்க தோஷம், என் கை 'அப்போது வாசலில்' என்று—

இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

நீங்களும் தயவுசெய்து மனசுக்குள் அந்த மணியை அடித்துவிடாதீர்கள். பிறகு அவர் நீங்கள் அனுப்பிய ஆளாகிவிடுவார். பேனாவை மூடுகிறேன். கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருப்போம்.