பின்னால் வந்த பலகை

1986 வைகாசியில் ஸ்ரனிஸ்லாஸ் லக்சம்பேர்க் நாட்டுக்குள் நடந்து போனபோது, ஜெர்மனியின் ட்றியர் மாவட்டத்து மஞ்சள் எல்லைப் பலகையும் தன் இரண்டு இரும்புக் கால்களால் அவருக்குப் பின்னால் நடந்து போனது. அந்த வருடம் திராட்சைக் கொடிகள் பிந்தித்தான் துளிர்த்தன.

அகதி விண்ணப்பம் போட்டவர் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், பிறகு இலங்கைக்கு, கட்டுநாயக்காவுக்கு விமானம். அது தெரிந்தும் அவர் புறப்பட்டார். மனைவி பேர்பெச்சுவாவை ஏஜென்சிக்காரன் "இதுதான் ஜெர்மனி" என்று அந்தச் சின்ன நாட்டில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான். அவள் ஒரேயொரு முறை அவர் இருந்த அகதி முகாமுக்குப் போன் எடுத்தாள். "ஊர் தெரியாது, லக்சம்பேர்க் எண்டு எழுதிக் கிடக்கு. மலையில கோட்டை, கீழ ஆறு, பக்கத்தில கோயில். கெதியா வாங்கோ!" முகாமின் இலக்கம் எழுதிய துண்டைப் போன் பெட்டியிலேயே மறந்து விட்டுவிட்டாள்.

எல்லைப் பாலம்வரை வழியனுப்ப வந்த அறைத்தோழன் குணசேகரம் பலகையைத் தட்டிப் பார்த்தான். "பயப்பிடாதேங்கோ அண்ணை, எங்க நிண்டாலும் நீங்கள் மாவட்டத்துக்குள்ளதான்."

அந்த நாட்டில் மூன்று ஊருக்கு ஒன்றில் மலையில் கோட்டையும் கீழே ஆறும் பக்கத்தில் கோயிலும் இருந்தன. எக்டர்நாக்கில் பக்தர்கள் துள்ளித் துள்ளிப் போகும் ஊர்வலத்தில் அவரும் பலகையும் துள்ளியதை யாரும் கவனிக்கவில்லை. தலைநகரின் உயர்ந்த பாலத்தில் பலகைக்குத் தலை சுற்றியது, பிடித்துக் கூட்டிப்போனார். லறோஷெத்தில் அவள் இல்லை. கிளேர்வோவிலும் இல்லை. பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டபோதெல்லாம் பலகையின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வியாண்டன் பாலத்தில் ஒரு பொலிஸ்காரர் மறித்து அவருடைய கடதாசியை வாங்கிப் படித்தார். மாவட்டம் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. நிமிர்ந்து பலகையைப் படித்தார். மறுபடி கடதாசியைப் படித்தார். அப்படியானால் சீருடையோடு அந்நிய நாட்டில் நிற்பது தான்தான் என்று பயந்து, தொப்பியைத் தொட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பாலத்துக்கு அப்பால், கோட்டைக்குக் கீழே இருந்த கன்னியர்மடத்துக் குசினியில் பேர்பெச்சுவா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரிகள் தினமும் புருசனின் பெயரைக் கேட்டுக் களைத்திருந்தார்கள்.

"என்ர பெயரைச் சொல்லியிருந்தா அண்டைக்கே விசாரிச்சிருப்பினமே!" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"புருசன்ர பெயரை வாயால சொல்லுறதோ? உங்களுக்கு விசரே?" என்றவள் பிறகுதான் அழுதாள்.

திரும்பும்போது பலகை இருவருக்கும் பின்னால் வந்து, பழைய குழியில் இறங்கிச் சற்றுச் சரிவாக நின்றது. வீதி வேலைக்காரர் அதன் கால்களில் ஒட்டியிருந்த வியாண்டன் சேற்றைக் கழுவி, இனி அசையாதபடி சீமெந்து போட்டார்கள்.

"பாவம், களைச்சுப்போச்சு," என்றாள் பேர்பெச்சுவா. "கொஞ்ச நாள் நிக்கட்டும்."